கண் காட்டுவதும் கருத்து முடிப்பதும்: அறிஞர் இப்னுல் ஹைஸம்

பஸ்ரா நகரில் நிகழ்ந்ததாக வரலாற்று நூல்களில் ஒரு செய்தி வழங்கி வருகிறது. பிறை பார்ப்பதற்காக மக்கள் கூடியிருந்த ஒரு மாலைப் பொழுதில், நூறு வயதை நெருங்கியிருந்த நபித்தோழர் அனஸ் இப்னு மாலிக் (ரலி) அவர்கள் தமக்குப் பிறை தெரிவதாகக் கூறி, வானில் ஓரிடத்தைச் சுட்டிக் காட்டினார்கள். கூட்டத்தில் வேறு எவர் கண்ணுக்கும் அது தென்படவில்லை. பின்னாளில் அந்நகரின் காழியாக விளங்கிய இயாஸ் இப்னு முஆவியா அருகில் இருந்தார். கூர்த்த மதிக்குப் பெயர் பெற்ற அவர் வானத்தை விட்டுவிட்டுப் பெரியவரின் முகத்தை உற்று நோக்கினார். புருவத்திலிருந்து ஒரு வெண்முடி வளைந்து கண்ணுக்கு முன்னே தொங்கிக் கொண்டிருந்தது. மரியாதையோடு அம்முடியைத் தடவி ஒதுக்கிவிட்டு, பிறை இப்பொழுது எங்கே இருக்கிறது என்று வினவினார். தேடிப் பார்த்த பெரியவர், இப்பொழுது தெரியவில்லை என்று கூறிவிட்டார்கள்.

அப்பெரியவர் பொய்யுரைக்க அறியாதவர். அவர்கள் கண்டதாகச் சொன்ன வளைந்த வெண்கோடும் பொய்யில்லை. அவ்வாறாயின் பிழை எங்கே நேர்ந்தது? கண் ஒரு வெண்கோட்டைக் காட்டியது. பிறையை எதிர்நோக்கியிருந்த உள்ளம் அதனைப் பிறையென முடித்துவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையிலான எல்லையை அன்று எவரும் வரையறுத்துக் கூறவில்லை. சுமார் இரண்டரை நூற்றாண்டுகள் கழித்து, அதே பஸ்ராவில் பிறந்த ஒருவர் அவ்வெல்லையைத் தேடுவதையே தம் வாழ்நாட் பணிகளுள் ஒன்றாக ஆக்கிக் கொண்டார். அவரே அறிஞர் இப்னுல் ஹைஸம். அவரது வாழ்வையும் பார்வை பற்றி அவர் கண்ட உண்மைகளையும் இக்கட்டுரையில் சுருக்கமாகக் காண்போம்.

பிறப்பும் கல்விச் சூழலும்

அபூ அலீ அல்-ஹசன் இப்னுல் ஹசன் இப்னுல் ஹைஸம் என்பது அவரது முழுப்பெயர். ஹிஜ்ரி 354, அதாவது கி.பி. 965ஆம் ஆண்டளவில் பஸ்ராவில் பிறந்தார். கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில் படைமுகாமாகத் தோன்றிய அந்நகரம், அவர் பிறந்த காலத்தில் வணிகத்திலும் கல்வியிலும் சிறந்து விளங்கியது. ஐரோப்பியர் அவரது பெயரான அல்-ஹசன் என்பதையே 'அல்ஹாசன்' எனத் திரித்து வழங்கினர்.

அவருக்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னரே பாக்தாத் நகரில் கிரேக்க நூல்கள் பல அரபு மொழியில் பெயர்க்கப்பட்டிருந்தன. யூக்ளிடின் வடிவியல், தாலமியின் வானியல், காலெனின் மருத்துவம் ஆகிய அனைத்தும் அரபு அறிந்த மாணவர் எவர்க்கும் எட்டும் நிலையில் இருந்தன. ஹுனைன் இப்னு இஸ்ஹாக் போன்றோர் கண்ணின் அமைப்பை விளக்கித் தனி நூல்களே எழுதியிருந்தனர். இக்கருவூலத்தை முழுமையாகப் பயன்படுத்திக் கொண்ட இப்னுல் ஹைஸம், கணிதத்திலும் வானியலிலும் பொறியியலிலும் பெரும்புகழ் எய்தினார்.

நைல் நதிக் கரையில்

அவரது வாழ்வில் மிகவும் பேசப்படும் நிகழ்ச்சியை, 1248ஆம் ஆண்டில் மறைந்த வரலாற்றாசிரியர் இப்னுல் கிஃப்தீ எழுதி வைத்துள்ளார். நைல் நதியின் வெள்ளத்தையும் வறட்சியையும் ஒழுங்குபடுத்தத் தம்மால் இயலும் என்று இப்னுல் ஹைஸம் ஈராக்கிலிருந்தபோது கூறினாராம். அச்செய்தி எகிப்தை ஆண்ட ஃபாத்திமிய்யா மன்னர் அல்-ஹாகிமின் செவிக்கு எட்டியது. மன்னர் அவரை வரவழைத்தார். கெய்ரோ நகருக்கு வெளியே தாமே சென்று வரவேற்றார். ஆட்களையும் பொருளையும் கொடுத்துத் தெற்கே அனுப்பி வைத்தார்.

நதியோடு தெற்கு நோக்கிப் பயணம் செய்த இப்னுல் ஹைஸம், வழிநெடுகப் பண்டைய எகிப்தியர் எழுப்பிய மாபெரும் கட்டடங்களைக் கண்டார். அவற்றின் அளவும் செம்மையும் அவரைச் சிந்திக்க வைத்தன. இத்துணை வடிவியல் அறிந்தவர்கள், நதியைக் கட்டுப்படுத்துவது இயலக்கூடியதாய் இருந்திருப்பின் அதனைச் செய்யாமல் விட்டிருப்பார்களா என்று எண்ணினார். அஸ்வானுக்கு அருகில் பாறைகளுக்கிடையே நதி பாய்ந்திறங்கும் இடத்தை நேரில் ஆராய்ந்தபோது, தாம் தொலைவிலிருந்து கணித்தவாறு நிலம் அமையவில்லை என்பதை உணர்ந்தார். வெட்கத்துடன் திரும்பி வந்து, தம் திட்டம் நிறைவேறாது என்று மன்னரிடம் ஒப்புக் கொண்டார். (அதே அஸ்வானில் 1902இல் ஓர் அணையும், 1970இல் உயர் அணையும் நவீனப் பொறியியலைக் கொண்டு கட்டி முடிக்கப்பட்டன.)

மன்னர் அவரைத் தண்டிக்கவில்லை. ஓர் அரசுப் பணியை அளித்தார். எனினும் அல்-ஹாகிம் எப்பொழுது எவர் மீது சினங்கொள்வார் என்று கூற இயலாதவர். சிறு காரணங்களுக்காகவும் பலர் அவரால் உயிரிழந்தனர். இந்நிலையில் தப்பிக்க வேறு வழி காணாத இப்னுல் ஹைஸம், சித்தம் கலங்கியவரைப்போல் நடித்தார் என்று அவ்வரலாறு கூறுகிறது. அவரது உடைமைகள் பிறர் பொறுப்பில் வைக்கப்பட்டன. அவர் தம் இல்லத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார். 1021ஆம் ஆண்டு அல்-ஹாகிம் மறைந்த பின்னரே அந்நடிப்பைக் கைவிட்டு வெளியே வந்தார்.

ஒரு மாபெரும் அறிஞர் தம் மதிப்பீடு பிழையென நேரில் கண்டதும், உயிருக்கு ஆபத்து நேரக்கூடும் என்று அறிந்தும் அதனை மறைக்காமல் கூறியது இங்கு நாம் கவனிக்கத்தக்கது. தொலைவிலிருந்து பார்ப்பவன் எங்ஙனம் பிழைபடுகிறான் என்னும் கேள்வி, பின்னர் அவரது நூலில் ஒரு முழுப்பகுதியாக விரிவதையும் காண்போம்.

அஸ்ஹரின் வாயிலில்

விடுதலைக்குப் பின் அவர் அரண்மனைப் பக்கம் செல்லவில்லை. கெய்ரோவில் அல்-அஸ்ஹர் பள்ளிவாசலின் வாயிலருகே ஒரு சிறு இருப்பிடத்தில் தங்கினார். ஆண்டுதோறும் யூக்ளிடின் நூலையும், தாலமியின் 'அல்-மஜஸ்தீ' என்னும் வானியல் நூலையும், இடைநிலைக் கணித நூல்களையும் தம் கையாலேயே படியெடுப்பார். அப்படிகளை 150 எகிப்திய தீனாருக்கு விற்று, அவ்வாண்டு முழுவதும் அத்தொகையைக் கொண்டு வாழ்ந்தார் என்று இப்னுல் கிஃப்தீ எழுதுகிறார். விலை பேசுவதில்லை; கூட்டியும் குறைத்தும் கேட்பதில்லை. எஞ்சிய நேரமெல்லாம் ஆய்வுக்கும் எழுத்துக்குமே உரியதாயிற்று.

அவர் எழுதியவையாகத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட நூல்களின் பெயர்கள் பழைய பட்டியலில் காணப்படுகின்றன. அவற்றுள் தலையாயது 'கிதாபுல் மனாழிர்' என்னும் ஒளியியல் நூல். ஏழு பாகங்களைக் கொண்டது. முதல் மூன்று பாகங்கள் நேரடிப் பார்வையையும், அடுத்த மூன்றும் கண்ணாடிகளில் ஒளி பட்டுத் திரும்புவதையும், ஏழாவது ஒளி வளைந்து செல்வதையும் ஆராய்கின்றன. சுமார் கி.பி. 1040ஆம் ஆண்டளவில் அவர் கெய்ரோவிலேயே மறைந்தார்.

கண்ணிலிருந்து கதிர் புறப்படுகிறதா?

பார்வை எங்ஙனம் நிகழ்கிறது என்பதில் அக்காலத்து அறிஞர்கள் பல பிரிவினராய் நின்றனர். யூக்ளிடும் தாலமியும், கண்ணிலிருந்து கதிர்கள் புறப்பட்டுச் சென்று பொருளைத் தொடுவதாலேயே பார்வை உண்டாகிறது என்றனர். இருட்டில் கைவிளக்கை அடித்துப் பார்ப்பதைப் போன்றது இக்கருத்து. அரிஸ்டாட்டில் முதலியோர் அதனை ஏற்கவில்லை. பொருளின் தன்மையே இடையிலுள்ள ஊடகத்தின் வழியாகக் கண்ணை வந்தடைகிறது என்றனர். முதற்பிரிவினரிடம் துல்லியமான வடிவியல் கணக்கு இருந்தது. ஆனால் இயற்கைக்கு ஒவ்வாத அடிப்படை. மறுபிரிவினரிடம் ஏற்கத்தக்க அடிப்படை இருந்தது, கணக்கு இல்லை. மருத்துவர்களோ கண்ணின் படலங்களையும் நரம்புகளையும் அறிந்திருந்தனர்.

இப்னுல் ஹைஸம் இம்மூன்றையும் ஒன்றிணைத்தார். கதிரவனை நேரே பார்த்தால் கண் வலிக்கிறது. ஒளிமிக்க பொருளை நெடுநேரம் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினாலும் அதன் உருவம் சற்று நேரம் நிற்கிறது. ஆகவே வெளியிலிருந்து ஏதோ ஒன்று வந்து கண்ணைத் தாக்குகிறது என்பது தெளிவு. கண்ணிலிருந்து ஏதேனும் புறப்படுவதாகவே வைத்துக் கொண்டாலும், அது காண்பவனுக்குச் செய்தி கொண்டுவர மீண்டும் கண்ணுக்கே திரும்பியாக வேண்டும். அவ்வாறாயின் புறப்பட்டுச் செல்லும் கதிர் எதற்கு? இவ்வாறு வாதிட்ட அவர், ஒளி பெற்ற பொருளின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் எல்லாத் திசைகளிலும் நேர்க்கோட்டில் ஒளி பரவுகிறது என்றும், அவ்வொளி கண்ணை அடைவதாலேயே பார்வை தொடங்குகிறது என்றும் நிறுவினார்.

வெறும் வாதத்தோடு அவர் நின்றுவிடவில்லை. ஓர் இருட்டறையின் துளைக்கு எதிரே பல விளக்குகளை வெவ்வேறு இடங்களில் வைக்கச் செய்தார். உள்ளேயிருந்த சுவரில் விளக்குகள் எத்தனையோ அத்தனை ஒளிப்புள்ளிகள் தோன்றின. ஒரு விளக்கை மறைத்தால், அதற்கு நேர் எதிரேயுள்ள புள்ளி மட்டும் மறைந்தது; மறைப்பை நீக்கினால் மீண்டும் தோன்றியது. அனைத்து ஒளிகளும் ஒரே சிறு துளை வழியாகவே சென்றன. எனினும் ஒன்றோடொன்று கலந்துவிடவில்லை. பின்னாளைய ஒளிப்படக் கருவிக்கு அடிப்படையான தத்துவம் இச்சோதனையில் அடங்கியுள்ளது. சொல்லப்பட்டதை அப்படியே ஏற்காமல், ஏனையவற்றை மாற்றாது ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்து உண்மையைக் காணும் முறையை இங்கே காண்கிறோம்.

காண்பது கண் மட்டுமா?

ஒளி கண்ணை அடைந்ததும் வேலை முடிந்துவிடுகிறதா? இல்லை என்றார் இப்னுல் ஹைஸம். நூலின் இரண்டாம் பாகத்தில் இதனை அவர் ஆராயும் விதம் இன்றும் வியப்பளிப்பதாகும்.

ஒரு பொருளைப் பார்த்து நாம் அறியும் பண்புகளை அவர் இருபத்திரண்டாக வகுத்தார். ஒளி, நிறம், தொலைவு, நிலை, திண்மை, வடிவம், அளவு, பிரிவு, தொடர்ச்சி, எண்ணிக்கை, அசைவு, அசைவின்மை, சொரசொரப்பு, வழவழப்பு, ஒளி புகும் தன்மை, ஒளி புகாத் தன்மை, நிழல், இருள், அழகு, அழகின்மை, ஒப்புமை, வேற்றுமை என்பன அவை. இவற்றுள் புலனால் மட்டுமே உணரப்படுபவை ஒளியும் நிறமும் என்னும் இரண்டே. எஞ்சிய இருபதும், கண் கொணர்ந்ததை வைத்து உள்ளம் ஒப்பிட்டும் நினைவு கூர்ந்தும் ஊகித்தும் முடிவு செய்பவை. ஆனால் அம்முடிவு மிக விரைவாக நிகழ்ந்துவிடுவதால், நாம் முடிவு செய்தோம் என்பதே நமக்குத் தெரிவதில்லை. நேரே கண்டதாகவே எண்ணிக் கொள்கிறோம்.

இதனை விளக்க அவர் எளிய சான்றுகளைத் தருகிறார். எழுத்தறிந்தவர் ஒரு சொல்லைக் கண்டதும், எழுத்தெழுத்தாகக் கூட்டாமலேயே வாசித்துவிடுகிறார். முதன்முதலில் கற்றபோது ஒவ்வோர் எழுத்தாகத் தடவிச் சென்றவர்தான் அவர். பழக்கம் அவ்வுழைப்பை மறைத்துவிட்டது. அவ்வாறே, ஒரு குழந்தையிடம் இரண்டு ஆப்பிள்களைக் காட்டினால், அழகான ஒன்றையே அது எடுக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டு, மேலானதைத் தேர்ந்திருக்கிறது. ஒப்பிடுதல் என்றால் என்னவென்றே அறியாத பருவத்தில் அதனைச் செய்திருக்கிறது.

வளர்ந்த நம் நிலையும் அத்தகையதே. உலகத்தைப் பார்க்கும் ஒவ்வொரு கணமும் நம் பழக்கமும் நினைவும் எதிர்பார்ப்பும் நம்மையறியாமலேயே நம் பார்வைக்குள் புகுந்துவிடுகின்றன.

இடையிலுள்ள நிலம்

தொலைவை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதற்கு அவர் தந்த விடை மிக நுட்பமானது. கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே தொடர்ச்சியாகத் தரை தெரிய வேண்டும். அத்தரையை நாம் காலடியால் நடந்தும் கையால் அளந்தும் பழகியிருக்க வேண்டும். அப்பொழுதுதான் தொலைவைப் பற்றிய நம் கணிப்பு சரியாக இருக்கும். தரை மறைக்கப்பட்டுவிட்டால் கணிப்பும் தவறிவிடும்.

இதற்கும் அவர் ஒரு சோதனை கூறுகிறார். தரையும் பக்கங்களும் தெரியாதவாறு மறைக்கப்பட்ட ஒரு துளை வழியாக, ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் இரு சுவர்களைப் பார்க்கச் செய்தால், அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி என்பதைப் பார்ப்பவரால் கூற முடிவதில்லை. அவை ஒட்டி நிற்பவைபோல் தோன்றக்கூடும். முகிலையும் அவர் சான்று காட்டுகிறார். சமவெளியில் வாழ்பவர் முகில் வானத்தையொட்டி மிக உயரத்தில் இருப்பதாக எண்ணுகிறார். மலைநாட்டில் வாழ்பவரோ முகில் மலையின் இடையைத் தழுவுவதையும், அதற்கு மேலே சிகரம் நிற்பதையும் காண்கிறார். ஆகவே அது அண்மையில் உள்ளது என அறிகிறார். முகில் ஒன்றுதான், ஒப்பிட்டுப் பார்க்க ஒருவருக்கு அளவுகோல் இருக்கிறது, மற்றவருக்கு இல்லை.

அடிவானத்தில் எழும் முழுநிலவு உச்சியில் இருப்பதைவிடப் பெரிதாகத் தோன்றுவதன் காரணத்தையும் அவர் இவ்வழியிலேயே விளக்கினார். தம் முந்தைய நூலொன்றில், காற்றிலுள்ள நீராவியில் ஒளி வளைவதே காரணம் என்று பழைய கருத்தையொட்டி அவர் எழுதியிருந்தார். கிதாபுல் மனாழிரின் ஏழாம் பாகத்திலோ அதனைத் துணைக் காரணமாக ஒதுக்கிவிட்டு, முதன்மைக் காரணம் நம் உள்ளத்திலேயே இருப்பதாகக் கூறினார். அடிவானத்துக்கும் நமக்கும் இடையே வயலும் மரமும் வீடுகளும் விரிந்து கிடக்கின்றன. ஆகவே அங்குள்ள நிலவு மிகத் தொலைவில் இருப்பதாக உள்ளம் கணிக்கிறது. உச்சி வானத்துக்கு அத்தகைய இடைப்பொருள்கள் இல்லை. எனவே அது அண்மையில் இருப்பதாகக் கணிக்கிறது. ஒரே அளவில் கண்ணில் படும் இரு பொருள்களில், தொலைவில் இருப்பதாகக் கணிக்கப்படுவது பெரிதாகவே தோன்றும்.

இதனை நாமே சோதித்துப் பார்க்கலாம். பதினான்காம் நாள் நிலவு எழும்பொழுது, கையை முழுதும் நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதனை மறைத்துப் பார்க்க வேண்டும். முழு நிலவும் அந்நகத்துக்குள் அடங்கிவிடும். நள்ளிரவில் அது உச்சிக்கு வந்த பின்னரும் அவ்வாறே செய்தால், அதே நகம் அதே அளவில் மறைப்பதைக் காணலாம். நிலவு மாறவில்லை. ஆனால் இவ்வுண்மையை அறிந்த பின்னரும், மறுநாள் மாலை அடிவானத்து நிலவு நமக்குப் பெரிதாகவே தோன்றும். உள்ளத்தின் முடிவு அத்துணை விரைவானது. அறிவு வந்து திருத்துவதற்குள் அது தன் வேலையை முடித்துவிடுகிறது. இத்தோற்றத்துக்கான முழு விளக்கம் குறித்து இன்றைய ஆய்வாளர்களிடையே விவாதம் தொடர்கிறது. எனினும் காரணத்தை வானத்தில் தேடாமல் காண்பவரிடம் தேட வேண்டும் என்பதில் அவர்கள் இப்னுல் ஹைஸம் காட்டிய வழியிலேயே செல்கின்றனர்.

பார்வை பிழைக்கும் இடங்கள்

நூலின் மூன்றாம் பாகம் முழுவதும் பார்வையின் பிழைகளைப் பற்றியது. பொருள் சரியாகத் தெரிவதற்கு எட்டு நிபந்தனைகள் வேண்டும் என்கிறார்: தக்க தொலைவு, தக்க நிலை, போதிய ஒளி, போதிய பருமன், ஒளியைத் தடுக்கும் திண்மை, இடைக்காற்றின் தெளிவு, பார்ப்பதற்குப் போதிய நேரம், கண்ணின் நலம் ஆகியன. இவற்றுள் ஒன்று அளவு கடந்து மிகுந்தாலோ குறைந்தாலோ பிழை நேரும். பல நிறங்கள் பூசிய பம்பரம் வேகமாகச் சுழலும்போது ஒரே நிறமாய்த் தெரிவது நேரம் போதாமையால். தொலைவில் வரும் அயலார் ஒருவரை நமக்கு அறிமுகமானவர் என்று எண்ணிவிடுவது, அரைகுறை அடையாளங்களைக் கொண்டு நினைவு அவசரமாக முடிவு கட்டுவதால்.

ஆகவே அவர் பார்வையை இரு வகையாகப் பிரித்தார். ஒன்று, கண்டவுடன் எழும் முதற்பார்வை. மற்றொன்று, பகுதி பகுதியாகக் கண்ணைச் செலுத்தி ஆய்ந்து காணும் பார்வை. பொருளின் மெய்யான வடிவம் ஆய்ந்து காணும் பார்வைக்கே உறுதியாகப் புலப்படும் என்பது அவர் கருத்து. பார்வையை நம்பவே கூடாது என்று அவர் எங்கும் கூறவில்லை. நிபந்தனைகள் நிறைவேறினால் அது நம்பத்தக்கதே. நிறைவேறினவா என்று கேட்டுப் பார்ப்பதுதான் நம் கடமை.

தம்மையும் ஐயுறல்

தாலமியின் நூல்களில் உள்ள முரண்பாடுகளை எடுத்துக்காட்டி அவர் ஒரு தனிநூல் எழுதினார். அதன் முன்னுரையில், உண்மையைத் தேடுபவன் முன்னோர் எழுதினர் என்பதற்காக எதையும் ஏற்றுவிடலாகாது என்றும், அவர்களைப் பற்றித் தனக்குள்ள நல்லெண்ணத்தையே ஐயுற வேண்டும் என்றும் அவர் வற்புறுத்துகிறார். அத்தோடு நிறுத்தாமல், ஆராயும்போது தன்னையும் ஐயுற வேண்டும் என்கிறார்.

அவ்வளவுகோலை அவர் மீதே வைத்துப் பார்ப்பதுதான் அவருக்கு நாம் செய்யும் மரியாதை. எல்லாப் புள்ளிகளிலிருந்தும் ஒளி எல்லாத் திசைகளிலும் வருமானால் காட்சி ஏன் குழம்பவில்லை என்ற சிக்கலுக்கு, கண்ணின் பரப்பில் செங்குத்தாக விழும் கதிர்களே காட்சியைத் தருகின்றன என்று அவர் விடை கூறினார். காட்சியை உணரும் உறுப்பு கண்ணின் நடுவிலுள்ள பளிங்கு போன்ற பகுதியே என்றும் கருதினார். இவ்விரண்டும் சரியானவையல்ல. 1604ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கெப்ளர், விழிவில்லை ஒளியைக் குவிக்கிறது என்றும், விழித்திரையில் உருவம் தலைகீழாக விழுகிறது என்றும் விளக்கினார். தலைகீழாக விழும் உருவம் நமக்கு நேராகத் தெரிவதே, பார்வை கண்ணோடு முடிவதில்லை என்ற இப்னுல் ஹைஸமின் கருத்துக்கு மேலும் வலிமை சேர்க்கிறது.

மேற்கே சென்ற நூல்

கிதாபுல் மனாழிர் சுமார் 1200ஆம் ஆண்டளவில் லத்தீன் மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. ரோஜர் பேக்கன், விட்டெலோ, ஜான் பெக்காம் ஆகியோர் அதனைப் பயின்று தம் நூல்களை எழுதினர். கீழை நாட்டில், 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கமாலுத்தீன் அல்-ஃபாரிஸீ அதற்கு விரிவுரை எழுதியதோடு, நீர் நிரப்பிய கண்ணாடிக் கோளத்தைக் கொண்டு வானவில் தோன்றும் முறையையும் ஆராய்ந்தார். 1572இல் பாசல் நகரில் அந்நூல் லத்தீனில் அச்சேறியது.

19ஆம் நூற்றாண்டில் ஜெர்மானிய அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸ், பார்வை என்பது நாம் உணராமலேயே செய்யும் அனுமானங்களால் ஆனது என்று எழுதினார். எட்டு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கெய்ரோவில் எழுதப்பட்ட கருத்தோடு அது நெருங்கிய ஒற்றுமை உடையது. மூல அரபு நூலின் முதல் மூன்று பாகங்களை எகிப்திய அறிஞர் அப்துல் ஹமீத் சப்ரா செம்மைப்படுத்தி 1983இல் குவைத்தில் வெளியிட்டார். 1989இல் அவற்றின் ஆங்கில மொழிபெயர்ப்பையும் விரிவான குறிப்புகளோடு லண்டனில் வெளியிட்டார். நிலவிலுள்ள ஒரு பள்ளத்துக்கும் அல்ஹாசன் என்று பெயரிடப்பட்டுள்ளது. அடிவானத்து நிலவின் புதிரை ஆராய்ந்தவரின் பெயர் அந்நிலவிலேயே பொறிக்கப்பட்டிருப்பது பொருத்தமானதே.

நாம் பெற வேண்டிய படிப்பினை

என் கண்ணாலேயே பார்த்தேன் என்று சொல்லித்தான் நம்மிடையே பல பூசல்கள் தொடங்குகின்றன. சொல்பவர் பெரும்பாலும் பொய்யராக இருப்பதில்லை. ஒருவர் பார்த்தும் பாராததுபோல் சென்றார் என்கிறோம். முகத்தைத் திருப்பிக் கொண்டார் என்கிறோம். நம் கண் கண்டது ஒரு முகம் ஒரு பக்கம் திரும்பியதை மட்டுமே. அது நம்மை அவமதிப்பதற்காகத் திரும்பியது என்பது நம் உள்ளம் சேர்த்த முடிவு. அவருக்கு வேறு கவலை இருந்திருக்கலாம். பார்வைக் குறைபாடு இருந்திருக்கலாம். இரண்டையும் ஒன்றாக்கி, கண்டேன் என்ற ஒரே சொல்லால் நாம் கூறிவிடுகிறோம். உறவுகள் பிளவுபடுகின்றன, ஆண்டுக்கணக்கில் பேச்சு நின்றுபோகிறது.

இத்தகைய வேளைகளில், கண் காட்டியது எவ்வளவு, கருத்து முடித்தது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நமக்கு வேண்டும். தொலைவிலிருந்து முடிவு கட்டுவதற்கு முன்னர் இடையிலுள்ள நிலத்தை நடந்து கடக்க வேண்டும். அதாவது, அவரிடமே சென்று கேட்க வேண்டும். கேட்டபின் நம் கணிப்புத் தவறு என்று தெரிந்தால், நைல் நதிக் கரையிலிருந்து திரும்பிய அறிஞரைப்போல் அதனை ஒப்புக்கொள்ளும் துணிவும் வேண்டும்.

பஸ்ராவின் அம்மாலைப் பொழுதில் இயாஸ் அவர்கள் பெரியவரைப் பொய்யர் என்று கூறவில்லை. கூட்டத்தின் முன் நாணச் செய்யவுமில்லை. அருகில் சென்று, மரியாதையோடு ஒரு முடியை ஒதுக்கிவிட்டார், பார்வை தெளிந்தது. நம் கண் முன்னே தொங்கும் முடிகளை நாமே ஒதுக்கிக் கொள்ளவும், பிறர் ஒதுக்கிவிடும்போது சினங்கொள்ளாதிருக்கவும் பழகுவோமாக.